நிரூபணம் இல்லாமல் நிற்பவை

ஒரு நம்பிக்கைக்காகத் தன் வாழ்நாளின் நல்ல காலம் முழுவதையும் கொடுத்த ஒருவர், அதே நம்பிக்கையுடையவர்கள் கூடியிருக்கும் அவையில் எழுந்து நின்று, நாம் வேண்டும் என்று சொன்னது நடக்கவே இல்லை, ஆனாலும் காரியங்கள் நன்றாகத்தான் நடந்துகொண்டிருக்கின்றன, அது எப்படி என்று கேட்டால் அந்த அவை என்ன பதில் சொல்லும்? 1996-இல் ஆக்ஸ்ஃபர்டில், கணித வழியில் நிரல்களைச் சரிபார்க்கும் ஆய்வாளர்களின் மாநாட்டில் டோனி ஹோர் அளித்த கட்டுரையின் தலைப்பே அந்தக் கேள்விதான்: நிரூபணம் இல்லாமலேயே மென்பொருள் எப்படி இவ்வளவு நம்பகமானதாயிற்று? படித்தவரை அந்தத் தலைப்பு எளிதில் விட்டுவிடுவதில்லை. எந்தப் பக்கம் பதில் சொன்னாலும் அது இடறுகிறது. நிரூபணம் தேவையில்லை என்றால் ஒரு பெரிய மூளையின் முப்பதாண்டு உழைப்பு வெறும் அலங்காரமாகிவிடுகிறது. தேவை என்றால், வங்கிக் கணக்கும் விமானமும் மருத்துவமனைக் கருவியும் இத்தனை காலம் எதன்மேல் நின்றுகொண்டிருந்தன என்ற கேள்வி எழுகிறது. ஹோர் இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில், யாரும் விரும்பாத இடத்தில், வேண்டுமென்றே போய் நின்றார்.

அவர் கணினிக்கு வந்த பாதையும் நேர்ப்பாதை அல்ல. 1934 ஜனவரி 11 அன்று கொழும்பில், ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஆக்ஸ்ஃபர்டின் மெர்ட்டன் கல்லூரியில் படித்தது கிரேக்கமும் லத்தீனும் தத்துவமும். கட்டாய ராணுவச் சேவைக்காகக் கடற்படையில் இருந்தபோது ரஷ்ய மொழி கற்றார். அந்த ரஷ்ய மொழிதான் அவரை மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்துக்கு, நிகழ்தகவுக் கணிதத்தின் பேராசான் கொல்மகோரவின் வட்டாரத்துக்குக் கொண்டு சேர்த்தது. பனிப்போர்க் காலம். ரஷ்ய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குக் கணினியே மொழிபெயர்த்துவிடும் என்று இரு தரப்பும் நம்பியிருந்த நாட்கள். கணினியில் அவரை முதலில் இழுத்தது எண்கள் அல்ல, சொற்கள்.

அன்றைக்கு அகராதி காந்த நாடாவில் அகர வரிசையில் பதிவாகியிருக்கும். நாடா ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடியாக வேண்டும். நடுவில் இருக்கும் ஒரு சொல்லை நேராகப் போய் எடுக்க வழியில்லை. ஒரு வாக்கியத்தின் சொற்களை வந்த வரிசையிலேயே தேடினால் நாடா முன்னும் பின்னுமாக ஓடி ஓய்ந்துபோகும். அந்தச் சொற்களை முதலில் அகர வரிசையில் அடுக்கிக்கொண்டால் ஒரே ஓட்டத்தில் எல்லாப் பொருளும் கிடைத்துவிடும். ஆகவே மொழிபெயர்ப்புக்கு முன்னால் அடுக்கல். அடுத்தடுத்த இரண்டு சொற்களை ஒப்பிட்டு, தேவையென்றால் இடம் மாற்றிக்கொண்டே போகும் முறைதான் ஹோருக்கு முதலில் தோன்றியது. அது ஆமை வேகம் என்று விரைவிலேயே புரிந்தது. இரண்டாவதாகத் தோன்றியது வேறு. கூட்டத்திலிருந்து ஏதாவது ஒரு சொல்லை எடுத்துக்கொள்வது. அதற்கு முன்னால் வரவேண்டியவற்றை ஒரு பக்கமும் பின்னால் வரவேண்டியவற்றை மறுபக்கமும் ஒதுக்குவது. அவ்வளவில் அந்த ஒரு சொல் தன் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது, இனி அதைத் தொடவே வேண்டாம். பிறகு இரு பக்கங்களிலும் தனித்தனியே இதே வேலை, ஒவ்வொரு பக்கமும் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கும்வரை. பத்து லட்சம் பெயர்களை அடுக்க முதல் முறைக்கு ஏறத்தாழ 50,000 கோடி ஒப்பீடுகள் வேண்டும். இரண்டாவது முறைக்குச் சராசரியாக 3 கோடிகூட வேண்டாம். குவிக்சார்ட் என்று உலகம் அறிந்த அல்காரிதம் இதுதான். பின்னாளில் யூனிக்ஸிலும் சி மொழி நூலகங்களிலும் ஜாவாவிலும் இதன் வாரிசுகளே உட்கார்ந்தன.

இதில் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. முறை மனதில் தெளிவாக இருந்தும் ஹோரால் அதை முழுதாக எழுத முடியவில்லை. பிரித்து ஒதுக்கும் பகுதியை அவருக்குத் தெரிந்த மெர்க்குரி ஆட்டோகோட் என்ற நிரல்மொழியில் எழுதிவிட்டார். இன்னும் அடுக்கப்படாமல் கிடக்கும் துண்டுகளை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது என்பதில் நின்றுபோனார். 1960-இல் லண்டனில் எலியட் பிரதர்ஸ் கணினி நிறுவனத்தில் சேர்ந்தபோது, அப்போது புதிதாக வந்திருந்த ஷெல் அடுக்கல் முறையை எலியட் 803 கணினிக்கு எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு, இதைவிட வேகமான முறை ஒன்று என்னிடம் இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். இருக்காது என்று ஆறு பென்ஸ் பந்தயம் கட்டிய மேலதிகாரி, விளக்கத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ளப் பெரும்பாடு பட்டு, கடைசியில் தோல்வியை ஒப்புக்கொண்டார். 1961-இல் பிரைட்டனில் நடந்த அல்கால் 60 நிரல்மொழி வகுப்பில் டைக்ஸ்ட்ரா, பீட்டர் நௌர், பீட்டர் லேண்டின் மூவரும் பாடம் எடுத்தார்கள். ஒரு செயல்முறை தன்னைத் தானே அழைத்துக்கொள்ளலாம் என்பதை ஹோர் அங்கேதான் கற்றார். விளக்கிப் புரியவைக்க அத்தனை சிரமமாயிருந்த ஒன்று சில வரிகளில் அடங்கிவிட்டது. அதே ஆண்டு அது அச்சிலும் வந்தது. எண்ணம் மாறவில்லை, அதைச் சொல்லும் மொழிதான் மாறியிருந்தது. சொல்ல முடியாததைச் சரிபார்க்கவும் முடியாது என்ற எண்ணத்தின் வேர் இங்கே இருக்கலாம்.

சில வரிகளில் அடங்கிவிட்டது, சரி. அது பிழையற்றது என்று எப்படித் தெரியும்? எடுத்த சொல்லே கூட்டத்தில் கடைசிச் சொல்லாக இருந்தால்? எல்லாச் சொல்லும் ஒன்றாகவே இருந்தால்? இரு முனையிலிருந்தும் நகர்ந்து வரும் இரண்டு குறிகள் நடுவில் சந்திக்கும்போது எது நிற்க வேண்டும், எது தாண்ட வேண்டும்? ஓட்டிப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அடுக்கிய பட்டியலில் நடுவைப் பார்த்து, வேண்டாத பாதியை விலக்கி, மீதியின் நடுவைப் பார்க்கும் இருமத் தேடல் முறை பாடப்புத்தகத்தின் முதல் பாடங்களில் ஒன்று. ஜாவாவின் நூலகத்தில் அது ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஒரு பிழையோடு ஓடிக்கொண்டிருந்தது. அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் அதை வெளிப்படையாகச் சொன்னார். நடுவைக் கண்டுபிடிக்க இரு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுக்கிறார்கள். பட்டியல் மிகப் பெரிதாகும்போது அந்தக் கூட்டுத்தொகை 32 பிட்டில் அடங்கும் 214 கோடியைத் தாண்டி எதிர்மறை எண்ணாகிவிடுகிறது. இதே பிழை ஜான் பென்ட்லியின் புகழ்பெற்ற நூலிலும் இருந்தது. அங்கே அந்த நிரல் சோதிக்கப்பட்டிருந்ததோடு, சரியானது என்று நிரூபிக்கப்பட்டும் இருந்தது. இங்கேதான் நிரூபணத்தின் பக்கம் நிற்பவருக்கும் தொண்டை அடைக்கிறது. அந்த நிரூபணம் பொய்யல்ல. எண்களுக்கு எல்லையே இல்லாத ஓர் உலகத்தில் அது முழுக்க உண்மை. கணினியோ அந்த உலகத்தில் இல்லை.

ஹோரின் ஆழம் புரிவது இந்த இடத்தில்தான். 1969-இல், பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தபோது, அவர் வெளியிட்ட சிறு கட்டுரை நிரல் நிரூபணத் துறைக்கே அடிக்கல். இரண்டாண்டுகளுக்கு முன் ராபர்ட் ஃபிளாய்ட் வரைபடக் கட்டங்களுக்குச் செய்திருந்ததை ஹோர் நிரலின் வாக்கியங்களுக்கே செய்தார். ஒரு துண்டு நிரலுக்கு முன்னால் எது உண்மையாக இருக்கிறது, அது ஓடி முடிந்தபின் எது உண்மையாக இருக்கும் என்ற இரண்டு கூற்றுகளை இருபுறமும் எழுதி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தர்க்க விதிகளின்படி நடந்து காட்டுவது. சுழலும் பகுதிக்கு, ஒவ்வொரு சுற்றிலும் மாறாமல் நிற்கும் ஓர் உண்மையைக் கண்டுபிடித்து அதைப் பற்றிக்கொள்வது. கிரேக்கமும் தத்துவமும் படித்தவர் எழுதிய கட்டுரை என்பது ஒவ்வொரு பத்தியிலும் தெரியும். ஆனால் அதன் தொடக்கப் பக்கங்களில் அவர் செய்திருப்பது வேறு காரியம்: கணினியின் எண்கள் முடிவுள்ளவை, எல்லையைத் தாண்டும்போது என்ன நடக்கும் என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உண்டு என்று சொல்லி, அந்த விடைகளைத் தனித்தனியே எடுத்து வைக்கிறார். பின்னாளில் பென்ட்லியின் நிரூபணத்தில் எந்த ஓட்டை விழுந்ததோ அதே ஓட்டையை அவர் முதல் நாளிலேயே சுட்டியிருந்தார். ஒரு நிரூபணம் எந்த மண்ணில் நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்ற அந்த நேர்மையைத்தான் வாசித்தவர்கள் தாண்டிப் போனார்கள். 1971-இல் தன் சொந்த அல்காரிதம்களையே அவர் எடுத்து நிரூபித்தார். உலகம் பத்தாண்டாகப் பயன்படுத்திய குவிக்சார்ட்டும் அதில் ஒன்று. பந்தயத்தில் வென்றுவிட்டோம் என்று இருந்துவிடாமல் தன் பிள்ளையைத் தானே பரிசோதனைக்கு அனுப்பிய செயல் அது.

அதற்குப் பின்னால் ஒரு காயம் இருந்தது. எலியட் நிறுவனத்தில் அல்கால் 60 கம்பைலரை வெற்றிகரமாக முடித்ததும், எலியட் 503 கணினிக்கான பெரியதொரு மென்பொருள் தொகுப்பின் பொறுப்பு ஹோரிடம் வந்தது. 1960-களின் நடுவில் அது குப்புற விழுந்தது. முப்பது ஆள்-ஆண்டுகளுக்கும் மேற்பட்ட உழைப்பைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. நினைவகம் போதாது, வேகம் வராது, வாக்குக் கொடுத்த வாடிக்கையாளர்கள் வாசலில். 1980-இல் டூரிங் விருதை ஏற்றுப் பேசியபோது, பரிசு வாங்கும் மேடையில் அவர் விரிவாகச் சொன்ன கதை இந்தத் தோல்விதான். காரணங்களை ஆளாளுக்கு அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மேலாளர் மட்டும், உனக்கே புரியாத வேலைகளை உன் நிரலாளர்கள் செய்ய நீ அனுமதித்தாய் என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொன்னாராம். இவ்வளவு பெரிய மென்பொருளை ஒரே ஆள் எப்படிப் புரிந்துகொள்ள முடியும் என்று ஹோர் அப்போது திகைத்தார். பிறகு அந்த மேலாளர் சொன்னதே முழு உண்மை என்று உணர்ந்தார். கணினி அறிவியலில் புரிதல் என்பது ஓர் ஒழுக்கப் பிரச்சினையாக மாறிய தருணங்களில் இது ஒன்று. பெல்ஃபாஸ்ட்டில் அவர் தேடிய தர்க்க விதிகள் மூளைக்கான விளையாட்டு அல்ல. புரியாததைச் செய்ய இனி யாரையும் அனுமதிக்காமல் இருக்க ஒரு வழி.

பெல்ஃபாஸ்ட்டில் அந்த ஆய்வைத் தொடங்கும்போதே, தான் ஓய்வு பெறும்வரை, அதாவது முப்பது ஆண்டுகளுக்கு, தொழிற்துறை இதை எடுத்துக்கொள்ளாது என்று அவர் கணித்திருந்தார். அது அப்படியே பலித்தது. 1977-இல் ஆக்ஸ்ஃபர்டுக்குப் போனார். ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொண்டு ஒரே நேரத்தில் ஓடும் நிரல்களைப் பற்றி 1978-இல் அவர் எழுதியது, பின்னாளில் கோ மொழிவரை வந்து சேர்ந்தது. நிரூபணம் மட்டும் பெரிதாக எங்கும் போய்ச் சேரவில்லை. இதற்கு எதிரான வாதமும் பழையதுதான். 1979-இலேயே டி மில்லோ, லிப்டன், பெர்லிஸ் மூவரும், கணித நிரூபணம் நம்பப்படுவது பலர் படித்து, பேசி, மாற்றி எழுதி, மற்ற இடங்களில் பயன்படுத்திப் பார்ப்பதால்தான்; நிரல்களுக்கான நீண்ட, சலிப்பூட்டும் நிரூபணங்களை யாரும் அப்படிப் படிக்கப்போவதில்லை என்று எழுதினார்கள். அந்த வாதத்தை இன்று படித்தாலும் உதறிவிட முடியவில்லை.

ஆகவே 1996-இன் கேள்வி. பதிலாக ஹோர் சொன்னவற்றில் மாயமில்லை: ஒழுங்கான வடிவமைப்பு, ஒருவர் எழுதியதை மற்றவர் கூர்ந்து படிப்பது, விடாத சோதனை, ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழை திருத்துவது, தேவைக்கு அதிகமாகவே தடுப்புகளை வைப்பது. இதில் சோதனையைப் பற்றி அவர் சொன்னதுதான் மனதில் தங்குகிறது. லட்சக்கணக்கான வரிகள் கொண்ட நிரலில் சோதனை தொடுவது ஒரு துளியைத்தான். தர்க்கப்படி அது எதையும் உறுதிசெய்யாது. ஆனாலும் அது பலன் தருகிறதே, எப்படி? சோதனையில் அகப்படும் பிழையைவிட, அந்தப் பிழையை விட்டுவைத்த மனிதரின் முறையில், கவனத்தில், திறமையில் உள்ள குறைதான் உண்மையில் அகப்படுகிறது. குறை திருந்தியவர் அடுத்து எழுதும் நிரலும் திருந்துகிறது. சோதிக்கப்படுவது நிரல் வழியாக மனிதர். எதிரணியின் வலிமையை, அவர்களே சொல்லிக்கொள்ளாத அளவு தெளிவாக, ஹோர் எடுத்துச் சொல்லிவிட்டார்.

அதிகமாகவே விட்டுக்கொடுத்துவிட்டாரோ என்ற சந்தேகம் தீர்வதாயில்லை. அதே 1996-இன் ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில், கிளம்பி முக்கால் நிமிடத்துக்குள் வெடித்துச் சிதறியது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் திணிக்கப் பார்த்த நிரல். ஏரியான் 4-இல் ஒழுங்காக ஓடிய நிரல். எந்த மண்ணில் அது சரியாக இருந்ததோ அந்த மண் மாறியதை எங்கும் எழுதி வைக்கவில்லை. ஹோரின் 1969 கட்டுரை கேட்டது அந்த ஒரு வரியைத்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதில் குற்றவாளிக் கூண்டில் ஹோரே ஏறினார். 1965-இல் அல்கால் டபிள்யூ மொழியை வடிவமைத்தபோது, எந்தப் பொருளையும் சுட்டாத ஒரு சுட்டியை, இன்று நிரலாளர்கள் நல் பாயிண்டர் என்று சொல்வதை, அதில் சேர்த்தார். சேர்ப்பது மிக எளிது என்ற ஒரே காரணம். 2009-இல் லண்டனில் ஒரு மாநாட்டில் அதைத் தன் நூறு கோடி டாலர் தவறு என்று தானே அறிவித்தார். 2025 ஜூன் 12 அன்று கூகுள் கிளவுடும் அதை நம்பியிருந்த எத்தனையோ சேவைகளும் உலகெங்கும் மணிக்கணக்கில் முடங்கின. சில புலங்கள் காலியாக விடப்பட்ட ஒரு கொள்கைப் பதிவு, இரண்டு வாரம் முன்பு சேர்க்கப்பட்டு முன்பு ஓடவே ஓடாத ஒரு நிரற்பாதை, அதில் ஒரு நல் பாயிண்டர். அறுபது ஆண்டுக்கு முன் எளிது என்று வைக்கப்பட்டது அங்கே காத்திருந்தது.

இதன் மறுபக்கமும் அவர் வரலாற்றிலேயே உண்டு. எலியட்டின் அல்கால் கம்பைலரில், அட்டவணையில் இல்லாத இடத்தை நிரல் தொட முயன்றால் அதை ஓடும்போதே தடுத்து நிறுத்தும் சரிபார்ப்பை வைத்திருந்தார்கள். வேகம் குறையும். பல ஆண்டுகள் கழித்து, இந்தச் சரிபார்ப்பை நீக்கும் வசதி வேண்டுமா என்று வாடிக்கையாளர்களைக் கேட்டபோது, ஒருவர் விடாமல் வேண்டாம் என்றார்கள். இந்தப் பிழை எத்தனை முறை வருகிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். 1980 ஆகியும் மொழி வடிவமைப்பாளர்கள் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ளாததை ஹோர் அச்சத்தோடு குறிப்பிட்டார். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் புதுப்பிப்பு ஒன்று ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்து விமான நிலையங்களை ஸ்தம்பிக்க வைத்ததே, அந்த நிரல் செய்ததும் இதுதான்: 20 மதிப்புகள் மட்டுமே உள்ள பட்டியலில் 21-ஆவதை எட்டிப் பார்த்தது.

நம்பகமாயிற்று என்று 1996-இல் சொன்னது தவறா? அப்படியும் சொல்ல முடியவில்லை. மேலே சொன்ன விபத்துகளைச் சுற்றி, விபத்தின்றி ஓடிய கோடானுகோடி நிரல்கள் இருக்கின்றன. நிரூபணம் முடியாதது என்பதும் பொய்த்துவிட்டது. சிட்னியில் உருவான எஸ்.ஈ.எல்.4 என்ற இயக்கமுறைமைக் கருவின் 8,700 வரி சி நிரல் சரி என்று 2009-இல் எந்திரத்தின் துணையோடு நிரூபிக்கப்பட்டது. ஆனால் அந்த நிரூபணத்தின் நீளம் ஏறத்தாழ 2 லட்சம் வரிகள். அந்த விகிதத்தைப் பார்த்தால், ஹோர் நடுவில் போய் நின்றதன் காரணம் விளங்குகிறது. ஓய்வுக்குப் பிறகு 1999-இல் அவர் கேம்பிரிட்ஜில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் சேர்ந்தபோது, தன் முன்கூற்றும் பின்கூற்றும் அங்கே பரவலாகப் புழங்குவதைக் கண்டார். நிரூபணத்துக்காக அல்ல, சோதனையின்போது பிழையைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக. அவர் அதைக் குறையாக நினைக்கவில்லை.

இப்போதைய கலக்கம் வேறு இடத்திலிருந்து வருகிறது. 1996-இன் பதில் மனிதர்களை நம்பி நின்றது. சோதனை திருத்துவது எழுதியவரை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிப்பது இருவரையும் வளர்ப்பது. பிழைக்குப் பொறுப்பேற்க ஓர் ஆள், விளக்கம் கேட்க ஒரு மேலாளர். நிரலை எந்திரமே எழுதித் தரத் தொடங்கிவிட்ட காலத்தில், தோற்ற சோதனை யாருடைய கவனக் குறையைத் திருத்துகிறது? நிரலாளர் அதை மீண்டும் எந்திரத்திடம் கொடுக்கிறார், அது வேறொன்றை எழுதுகிறது, சோதனை தேறுகிறது. யாரும் எதையும் கற்றுக்கொள்ளாமலே நிரல் சரியாகிவிடுகிறது, அல்லது சரியானதுபோல் ஆகிவிடுகிறது. எலியட்டின் மேலாளர் இன்று வந்தால் அதே வாக்கியத்தை ஏறத்தாழ ஒவ்வொரு அலுவலகத்திலும் சொல்ல வேண்டியிருக்கும்.

அதே எந்திரங்கள் நிரூபணங்களையும் எழுதத் தொடங்கியிருக்கின்றன என்பது உண்மை. அவற்றைச் சரிபார்க்கும் சிறு கருவிகள் சலிப்படைவதில்லை; டி மில்லோவும் நண்பர்களும் சொன்ன, படிக்க ஆளில்லாத அந்த நீண்ட பக்கங்களை அவை வரிவிடாமல் படிக்கும். ஹோரின் பழைய கனவு அவர் நினைக்காத வழியில் மலிவாகக்கூடும். அப்போதும் மனிதருக்கென்று மிஞ்சும் வேலை அந்த இரண்டு கூற்றுகளை எழுதுவது: தொடங்கும்முன் எது உண்மை, முடிந்தபின் எது உண்மையாக வேண்டும். அது எத்தனை கடினம் என்பதற்கு அவருடைய அடுக்கலே சாட்சி. முடிந்தபின் சொற்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்று எழுதினால் போதும் என்று முதலில் தோன்றும். பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டு, எல்லா இடத்திலும் ஒரே சொல்லை நிரப்பும் நிரல்கூட அந்தக் கூற்றை நிறைவேற்றிவிடும். அதற்குப் பிழையற்ற நிரூபணமும் கொடுக்கலாம். உள்ளே போன சொற்களேதான் வெளியே வர வேண்டும், ஒன்றும் கூடாமல் குறையாமல், என்ற இரண்டாவது வரியையும் எழுத வேண்டும். அதை எழுத, அடுக்கல் என்றால் என்ன என்று தெரிந்த, அந்தச் சொற்கள் தொலைந்தால் யாருக்கு இழப்பு என்று நினைத்துப் பார்க்கிற ஒருவர் அந்த இடத்தில் இருக்க வேண்டும். அவரை எங்கே வளர்க்கப்போகிறோம் என்ற கேள்விக்கு 1996-இன் கட்டுரையில் பதில் இருந்தது: வேலையில், சோதனையில், தோல்வியில். அந்த மூன்றையும் எந்திரத்திடம் ஒப்படைத்த பிறகு அந்தப் பதிலின் இடத்தில் எதை வைப்பது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.